சக்கரம் வைத்த தெரு

மனிதர்களை வேடிக்கை பார்ப்பதற்கு உகந்த இடம் எது என்று ஒரு பட்டிமன்றம் வைத்தால், கல்யாணப் பந்தி என்று சிலர் சொல்வார்கள். ரயில்வே ஜங்ஷன் என்று சிலர் சொல்வார்கள். என் சிநேகிதி ஒருத்தி, நகைக் கடைப் படிக்கட்டுக்கு ஈடு கிடையாது என்று அடித்துப் பேசுவாள். உள்ளே போகும்போது கணவன்மார்களின் முகம் எப்படி இருக்கிறது, வெளியே வரும்போது அதே முகம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தாலே சாயங்காலம் ஓடி விடுமாம்!

என் ஓட்டு இவற்றில் ஒன்றுக்கும் இல்லை. அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்துப் பாலைவனத்தில் க்வார்ட்ஸைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜனவரி மாதத்தில் அங்குள்ள ஆர்.வி. முகாம் ஒன்றில் மடக்கு நாற்காலியைப் போட்டுக் கொண்டு உட்கார்ந்து விட்டால், அப்புறம் சினிமா எதற்கு, டெலிவிஷன் எதற்கு?

ஆர்.வி. என்றால் என்ன என்று முதலில் சொல்லி விடுகிறேன். வீட்டுக்குச் சக்கரம் வைத்தால் அதுதான் ஆர்.வி. அடுப்பு, ஃபிரிஜ், கட்டில், குளிக்கிற இடம், கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. சில வண்டிகள் 40 அடி நீளம். நம் வெளியூர் பஸ்களுக்குச் சவால் விடும். சில வண்டிகளுக்கு, ஓட்டுகிறவர் தலைக்கு மேல் நெற்றி புடைத்தாற்போல் ஒரு படுக்கை துருத்திக் கொண்டிருக்கும். இன்னும் சில தாமாக ஓடுவதில்லை. காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வர வேண்டும். இந்த ஜாதியில் மகாராணி, ஏர்ஸ்ட்ரீம் என்கிற அலுமினிய வண்டி. பெரிய வெள்ளிக் கூஜாவைப் படுக்க வைத்தாற்போல் பளபளவென்று நிற்கும். 1930-களில் அதைச் செய்து விற்கத் தொடங்கிய வாலி பையம் என்பவர் லேசுப்பட்டவர் அல்ல. 1959-ல் தம் வாடிக்கைக்காரர்களை வண்டியும் வாகனமுமாகத் திரட்டி, ஆப்பிரிக்காவின் தென் கோடியிலுள்ள கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரைக்கும் ஊர்வலமாக அழைத்துக் கொண்டு கிளம்பி விட்டார்! வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

முகாமில் வண்டியை நிறுத்தியதும் ஒரு பொத்தானை அமுக்குகிறார்கள். உடனே பக்கச் சுவர், மேஜை டிராயரைப் போல மெல்ல வெளியே நீளுகிறது. சோபாவும் சாப்பாட்டு மேஜையும் அதோடு நகர்ந்து, நடுவில் கூடம் பிறந்து விடுகிறது. முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் வாயைப் பிளந்தது உண்மை. இடம் போதவில்லை என்று முணுமுணுத்துக் கொண்டே காலம் தள்ளும் நம் ஒண்டுக் குடித்தனக்காரர்களுக்கு இப்படி ஒரு பொத்தான் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

க்வார்ட்ஸைட்டின் சொந்த ஜனத்தொகை, 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 2,413. கோடையில் வெயில் 110 டிகிரிக்கு மேல் போய் விடும். தெருவில் ஈ காக்கை இராது. குளிர் காலம் பிறந்ததோ இல்லையோ, மின்னஸோட்டா, டகோட்டா, கனடா முதலிய பனி கொட்டும் சீமைகளிலிருந்து மனிதர்கள் ஒரு வீட்டைப் பூட்டி விட்டு இன்னொரு வீட்டை ஓட்டிக் கொண்டு வந்து சேர்ந்து விடுகிறார்கள். லட்சக் கணக்கில் வருகிறார்கள். இவர்களுக்குப் 'பனிப் பறவைகள்' என்று பெயர். பெரும்பாலோர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள். ஊரைச் சுற்றியுள்ள சர்க்கார் நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். 2020-ல் அதற்குக் கட்டணம் 180 டாலர். ஏழு மாதத்துக்கும் சேர்த்து! ஆனால் அங்கே மின்சாரமும் கிடையாது, வாசலில் குழாயும் கிடையாது. அந்தச் சௌகரியங்கள் வேண்டுகிறவர்கள் ஊருக்குள் இருக்கும் கட்டண முகாம்களுக்குப் போகலாம்.

ஊர் மயானத்தில் ஒரு சிறிய கூம்புக் கோபுரம். அதன் உச்சியில் ஓர் ஒட்டகம். 1856-ல் அமெரிக்கப் பட்டாளம், பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தது. அவற்றோடு வந்தவர் ஹாஜி அலி என்கிற ஒட்டகக்காரர். அவர் பெயர் அமெரிக்க நாக்குகளில் அகப்பட்டு 'ஹை ஜாலி' ஆகி விட்டது. 1902-ல் காலமானார். அவருடைய சமாதிதான் அது. வீட்டைச் சுமந்து கொண்டு பாலைவனத்துக்கு வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான காவல் தெய்வம் கிடைக்குமா?

என் பெரியப்பா மகள் அக்காவும், அத்தானும் பீனிக்ஸ் நகரில் பல வருஷமாக இருக்கிறார்கள். க்வார்ட்ஸைட் அங்கிருந்து மேற்கே சுமார் 200 கிலோ மீட்டர். நான் போயிருந்தபோது ஒரு வாரத்துக்கு நெற்றி புடைத்த வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுவதற்குச் சாதாரணக் கார் லைசென்ஸே போதும். இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது; அத்தானுக்கு உற்சாகம் பொங்கியது.

பீனிக்ஸில் அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காரின் நிறம் தெரியும்; அவர் முகம் தெரியாது. கார் வரும், கொட்டகைக் கதவு தானே திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடிக் கொள்ளும். அவ்வளவுதான் சம்பந்தம். முகாமிலோ, வீடு சின்னது. ஆகையால் வாழ்க்கை முழுவதும் வாசலுக்கு வந்து விடுகிறது. ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் இருபது அடி இருந்தால் அதிகம். வாசலில் ஒரு பாய் விரிப்பு, மேலே துணிப் பந்தல், இரண்டு நாற்காலி. அங்கேதான் காப்பி, பேப்பர், காய்கறி நறுக்குவது, தலை வாருவது, சண்டை போடுவது, சமாதானம் ஆவது, எல்லாம். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் முடியாது. அவர்களும் நம்மைப் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு முதல் ஆட்டம் ஆரம்பம். அந்த நேரத்தில்தான் புதிய வண்டிகள் வருகின்றன. புத்தகம் படித்துக் கொண்டிருந்தவர்கள் புத்தகத்தை மூடுகிறார்கள். நாற்காலிகள் மெல்லத் திரும்புகின்றன. வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, குறுகிய இடத்துக்குள் கோணாமல் நிறுத்துகிற வித்தையைப் பார்க்கத்தான் இத்தனை ஆவல்.

வித்தை என்று சும்மா சொல்லவில்லை. காருக்குப் பின்னால் கட்டிய இழுவை வண்டி இருக்கிறதே, அதைப் பின்னோக்கி ஓட்டுவது தலைகீழ்ச் சாஸ்திரம். வண்டியின் வால் வலது பக்கம் போக வேண்டுமானால் சக்கரத்தை இடது பக்கம் திருப்ப வேண்டும். அனுபவஸ்தர்கள் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார்கள்: ஸ்டீயரிங்கின் அடிப் பக்கத்தைப் பிடித்துக் கொள், வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. சூட்சுமம் தெரிந்தவர்களுக்கும் கடைசி நிமிஷத்தில் மறந்து போகிறது.

கணவர் ஓட்டுவார்; மனைவி பின்னால் நின்று கையைக் காட்டுவாள். இது எழுதப்படாத சட்டம். எங்கள் வண்டியும் அப்படித்தான் உள்ளே போயிற்று.

"ரைட்டிலே வாங்க! ரைட்டிலே!" என்றாள் அக்கா.

"யார் ரைட்டு? உன் ரைட்டா, என் ரைட்டா?" என்றார் அத்தான்.

"நான் ரைட்டுன்னா எனக்கு ரைட்டு!"

"நீ என்னைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே. உனக்கு ரைட்டுன்னா எனக்கு லெஃப்ட்!"

"அப்போ கல்யாணம் ஆன நாளா நான் சொன்னது எல்லாமே உங்களுக்கு லெஃப்ட்டுதானா?"

இந்த சம்பாஷணை தமிழில் நடந்ததால் முகாமிலுள்ளவர்களுக்குப் புரிந்திராது என்று நான் ஆறுதல் பட்டுக் கொண்டேன். அடுத்த நாள் அயோவாவிலிருந்து வந்த ஒரு தம்பதி இதே சம்பாஷணையை வார்த்தை பிசகாமல் இங்கிலீஷில் நடத்தியபோதுதான், எல்லோருக்கும் எல்லாம் புரிந்திருக்கும் என்று தெரிந்தது.

எங்களுக்கு எதிர் வரிசையில், பழைய இழுவை வண்டி ஒன்றில் தனியாக இருந்தார் ஒரு தாத்தா. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நீலத் தொப்பி, நீல நாற்காலி, மடியில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம். வருகிற வண்டி ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் ஆயிற்று, எத்தனை தடவை முன்னும் பின்னும் போயிற்று என்று குறித்து, பத்துக்கு இவ்வளவு என்று மார்க்கும் போடுவார். யார் வேண்டுமானாலும் போய்க் கேட்டால் காட்டுவார். அத்தானுக்கு ஆறு.

"இதில் இரண்டு மார்க் உங்கள் மனைவியின் பேச்சுக்காக" என்று அவர் சொன்னதை அத்தான் வெகுநேரம் யோசித்துக் கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் வந்தவர் தாடிக்காரர் ஒருவர். கப்பல் போன்ற வண்டி. அவர் மனைவியோ கொத்தவரங்காய் மாதிரி ஒல்லி. இருவர் கையிலும் வாக்கி டாக்கி. அரை மணி நேரம் ஆயிற்று. நாலாவது தடவை வண்டி கோணிக் கொண்டு நின்றபோது, அந்த அம்மாள் வாக்கி டாக்கியை மேஜை மேல் வைத்தாள்; நாய்க்குட்டியின் சங்கிலியைப் பிடித்தாள்; திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்கி விட்டாள். வாக்கி டாக்கி மட்டும் மேஜையில் இருந்தபடி, "ஹலோ, ஹலோ, எங்கே போய் விட்டாய்?" என்று பரிதாபமாகக் கேட்டுக் கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், இருவரும் பந்தலின் கீழ் காப்பி குடித்துக் கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் நடந்திருந்தால் அந்தச் சண்டை இரண்டு நாளாவது நீண்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம். நாற்பது பேர் பார்த்து விட்ட சண்டையை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

காலை வேளைக் காட்சிகள் வேறு விதம். சாக்கடைத் தொட்டியைக் காலி செய்வது கணவன்மார்களின் இலாகா. கழிப்பறை நீர் ஒரு தொட்டியில், குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் இன்னொரு தொட்டியில் சேருகின்றன. முதலாவதை முதலில் திறந்து விட்டு, அடுத்ததைப் பிறகு திறக்க வேண்டும். அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிக் கொண்டு போகும். முன்னாள் பாங்கு மானேஜர்களும் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்களும் கையுறை மாட்டிக் கொண்டு இதைப் பயபக்தியோடு செய்கிறார்கள். இந்த ஒரு வேலையில் மட்டும், "விடுங்கள், நான் பார்க்கிறேன்" என்று எந்த மனைவியும் குறுக்கே வரக் காணோம்!

வண்டியின் கதவருகே அமெரிக்கா தேசப் படம் ஒட்டியிருப்பார்கள். போய் வந்த மாநிலங்களுக்கு மட்டும் வர்ணம். இதில் பெரிய தர்க்க சாஸ்திரமே இருக்கிறது. ஒரு மாநிலத்தில் ராத்திரி தூங்கினால்தான் ஒட்டலாம் என்பது ஒரு கட்சி; வண்டியை நிறுத்திக் காப்பி குடித்தாலே போதும் என்பது மற்றொரு கட்சி. அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவனும் மனைவியும் வெவ்வேறு கட்சியாக இருப்பதும் உண்டு. வாசலில் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் நாரைகள் நட்டு வைப்பது இன்னொரு சம்பிரதாயம். டான் ஃபெதர்ஸ்டோன் என்கிற சிற்பி 1957-ல் வடித்துக் கொடுத்த உருவம் அது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பாலைவனத்தில் வரிசை வரிசையாக நாரைகள்!

நாலு மணிக்கு ஏதாவது ஒரு வண்டி வாசலில் சபை கூடும். அவரவர் நாற்காலி, அவரவர் கோப்பை. எந்த ஊர் என்று கேட்பார்கள். வண்டி எத்தனை அடி என்று கேட்பார்கள். என்ன உத்தியோகம், என்ன சம்பளம், பெண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. (இந்தக் கடைசிக் கேள்வி இல்லாத ஒரே காரணத்துக்காக அங்கேயே இருந்து விடலாமா என்று எனக்குத் தோன்றியது.) மனிதர்களின் பெயர் மறந்து போகும், நாய்களின் பெயர் மறப்பதில்லை. குழந்தையைப் போலத் தள்ளு வண்டியில் கிழ நாயை உட்கார்த்தி உலாத்தி வந்த அம்மாளை எல்லோரும் 'பிஸ்கட்டின் அம்மா' என்றே அழைத்தார்கள். பிஸ்கட் என்பது நாய்.

எங்களையும் அவர்கள் சும்மா விடவில்லை. அக்கா பீனிக்ஸிலிருந்து கிளம்பும்போதே பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட தயிரில் ஊற வைத்துக் கொண்டு வந்திருந்தாள். அரிஸோனா வெயிலை வீணாக்குவது பாவம் என்பது அவள் சித்தாந்தம். காலையில் மிளகாயைத் தட்டில் பரப்பி மடக்கு மேஜையில் வைப்பாள். பொழுது சாய்ந்ததும் திரும்பத் தயிரில் போடுவாள். மோர் மிளகாய் போடத் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. முகாமுக்கு அது பேரதிசயம். மிளகாயைத் தினமும் குளிப்பாட்டி வெயிலில் காய வைக்கிற குடும்பம் என்று எங்கள் புகழ் நாலு வரிசைக்கும் பரவி விட்டது. மூன்றாம் நாள் நாங்கள் ரத்தினக் கல் சந்தைக்குப் போய் விட்டுத் திரும்ப இருட்டி விட்டது. தட்டைக் காணோம். பிஸ்கட்டின் அம்மா, "சூரியன் போய் விட்டானே என்று உள்ளே எடுத்து வைத்தேன். எங்கள் வண்டியில் தயிர் இல்லை, என்ன செய்வது?" என்று கவலையோடு தட்டை நீட்டினாள். அக்காவின் கண் கலங்கி விட்டது. பீனிக்ஸில் பதினோரு வருஷம்!

அன்றைக்கே பிற்பகலில், நாங்கள் கிளம்புவதற்கு முன், பார்க்க வேண்டிய ஒரு காட்சியும் பார்த்து விட்டோம். நீளமான பச்சை இழுவை வண்டி ஒன்று வந்தது. ஓட்டியவள் எழுபது வயதுப் பெண்மணி. பின்னால் நின்று கை காட்ட ஒருவரும் இல்லை. உடனே நாலு திசையிலிருந்தும் நாலு ஆண் பிள்ளைகள் உதவிக்கு எழுந்தார்கள். அவள் கண்ணாடியை இறக்கி, "ரொம்ப வந்தனம். தயவு செய்து உட்காருங்கள்" என்றாள். இறங்கி வந்து இடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். கையுறை ஒன்றைக் கழற்றி, பின் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் அடையாளத்துக்குப் போட்டாள். ஏறினாள். ஒரே தடவை! கையுறை மேல் சக்கரம் போய் உட்கார்ந்தது. மூன்று நிமிஷம்.

நீலத் தொப்பித் தாத்தா எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். பத்துக்குப் பத்து.

மறுநாள் துணி துவைக்கும் கொட்டகையில் அவளோடு பேசினேன். "முப்பத்திரண்டு வருஷம் நான் பின்னால் நின்று கையைக் காட்டிக் கொண்டிருந்தேன். அவர் போன பிறகு வண்டியை விற்று விடச் சொன்னார்கள் பிள்ளைகள். மூடிக் கிடந்த ஒரு கடையின் வாசல் மைதானத்தில், ஞாயிற்றுக் கிழமை தோறும், ஆறு வாரம் பழகினேன். வண்டியின் பின் பக்கம் எனக்குத் தெரிந்த அளவு அவருக்கு எப்போதுமே தெரியாது. அங்கே நின்றவள் நான்தானே?" என்றாள்.

இப்படித் தனியாகச் சுற்றுகிறவர்கள் அங்கே அபூர்வம் இல்லை. 'லோனர்ஸ் ஆன் வீல்ஸ்' என்று அவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. தனி ஆள்கள் மட்டும் சேரலாம்; அங்கத்தினர் இருவர் கல்யாணம் செய்து கொண்டால் வாழ்த்துச் சொல்லிச் சங்கத்திலிருந்து அனுப்பி விடுவார்களாம்!

அந்தத் துணி துவைக்கும் கொட்டகையைச் சுத்தம் செய்து கொண்டிருந்த அம்மாளையும் சொல்ல வேண்டும். வயது அறுபத்தைந்துக்குக் குறையாது. தரையைத் துடைத்து, குளியல் அறைகளைக் கழுவினால், வண்டி நிறுத்த இடம் இலவசம். கையில் கொஞ்சம் காசு. 2008-ல் அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் முங்கியபோது, லட்சக் கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. அந்தக் கணக்கில் இவளும் ஒருத்தி. ஜெஸிகா புரூடர் என்கிற பத்திரிகைக்காரி இத்தகையவர்களோடு கூடவே திரிந்து 2017-ல் 'நோமாட்லாண்ட்' என்ற புத்தகம் எழுதினாள். அது படமாக வந்து 2021-ல் ஆஸ்கார் பரிசு வாங்கியது. அதில் இந்த க்வார்ட்ஸைட்டும் வருகிறது. ஆக, ஒரே தெருவில் வீட்டை விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். வீடு விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் இரு சாராருக்கும் வித்தியாசம் தெரியாது. அதே பந்தல், அதே நாரை. டயரைப் பார்த்தால் தெரியும் என்றாள் அவள். உல்லாசத்துக்கு வருகிறவர்கள் டயரை மாற்றி விட்டு வருவார்களாம். அதற்குப் பிறகு எந்த வண்டியைக் கண்டாலும் என் கண் முதலில் டயருக்குத்தான் போயிற்று. அது அவ்வளவு சுகமான பழக்கமாக இல்லை.

ஐந்தாம் நாள் காலை ஏழரை மணி. அக்கா காப்பி கலந்து கொண்டிருந்தாள். வெளியே பிஸ்கட்டின் அம்மா தள்ளு வண்டியோடு நிற்கிறாள், நகரவில்லை. எதிரே நீலத் தொப்பித் தாத்தாவின் ஜன்னலையே பார்த்துக் கொண்டிருக்கிறாள்.

"அவர் ஏழு மணிக்குத் திரையை ஏற்றி விடுவார்" என்றாள்.

எழுபது வயதுப் பெண்மணியும் கதவைத் திறந்து கொண்டு வந்தாள். தாடிக்காரர் வந்தார். அவருடைய ஒல்லி மனைவி வந்தாள். ஒருவரை ஒருவர் யாரும் கூப்பிடவில்லை. எல்லோருக்குமே அந்தத் திரை ஏழு மணிக்கு ஏறும் என்பது தெரிந்திருந்தது! நானும் நாலு நாளாக அதைப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. பிறகு மெல்லிய முனகல் கேட்டது. ஆபீஸிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துக் கொண்டு ஓடி வந்தவள், தரை துடைக்கும் அம்மாள். தாத்தா ராத்திரி எழுந்தபோது தடுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு. மூன்று மணியிலிருந்து தரையில் கிடந்திருக்கிறார். கை எட்டும் தூரத்தில் டெலிபோன் இல்லை. "ஏழு மணி ஆகட்டும் என்று காத்துக் கொண்டிருந்தேன்" என்றாராம், பல்லைக் கடித்துக் கொண்டு. ஏழு மணிக்கு நாம் கவனிப்போம் என்பதில் அந்த மனிதருக்கு அவ்வளவு நிச்சயம்.

ஆம்புலன்ஸ் வந்து அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிற்று. தாடிக்காரர் பின்னாலேயே காரில் போனார். ஒல்லி மனைவி, தாத்தாவின் வண்டிக்குள் போய் அடுப்பு, காஸ் எல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். அக்கா ஃபிரிஜிலிருந்த பாலை எடுத்துக் கொண்டு வந்து காய்ச்சி உறை ஊற்றினாள், கெட்டுப் போகாதாம். அவரவருக்குத் தெரிந்த வைத்தியம்!

இனி ஓட்ட முடியாமல் போனால் இவர் எங்கே போவார் என்று கேட்டேன். டெக்ஸாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் ஓர் ஏற்பாடு இருக்கிறது என்றார்கள். 1978-ல் தொடங்கிய 'எஸ்கேபீஸ்' என்கிற ஆர்.வி. சங்கம் நடத்துவது. உடம்பு தளர்ந்தவர்கள் தங்கள் வண்டியை அங்கே கொண்டு போய் நிறுத்தி, அதிலேயே குடியிருக்கலாம். சாப்பாடு கொடுத்து, வைத்தியரிடம் அழைத்துப் போய், கவனித்துக் கொள்கிறார்கள். சக்கரம் ஓடாது, ஆனால் வீடு அவரவர் வீடு. முதியோர் இல்லம் என்றதும் முகத்தைத் திருப்பிக் கொள்ளும் நம் பெரியவர்கள் இந்த ஏற்பாட்டைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அன்று மூன்று மணிக்கு வழக்கம் போல் வண்டிகள் வரத் தொடங்கின. நாற்காலிகள் திரும்பின. நீல நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் நோட்டுப் புத்தகம். எழுபது வயதுப் பெண்மணி தன் நாற்காலியை அதன் பக்கத்தில் கொண்டு வந்து போட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக் கொண்டாள்.

மறுநாள் பிற்பகல் ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன். ஆபரேஷன் முடிந்து விட்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தாலும், கேட்ட கேள்வி தெளிவாக இருந்தது.

"நேற்றைக்கு எத்தனை வண்டி?"

"ஐந்து. நாலு பேருக்கு ஏழுக்கு மேல் போட்டேன். ஒரு பெரிய வெள்ளை வண்டிக்கு மட்டும் பதினேழு நிமிஷம்."

"பாவம், மனைவி அழுதாளா?"

"இல்லை. அவள்தான் ஓட்டினாள். கணவன் பின்னால் நின்று கையைக் காட்டினான்."

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்படியானால் அவனுக்கு எத்தனை மார்க்?" என்றார்.